நூற்றுக்குப் பதினைந்து காலி இடம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு அம்மா சட்னிக்குத் தேங்காய் துருவப் போவாள். துருவி, அரைத்து, தாளித்துக் கொட்டிவிட்டு வந்து எட்டிப் பார்த்தால், அப்போதுதான் திரையில் பச்சைப் புல்வெளியும் நீல வானமும் வந்திருக்கும். அதன்மேல் சின்னச் சின்னப் படங்கள் ஒவ்வொன்றாக, மூன்று தரம் கூப்பிட்ட பிறகு பந்திக்கு எழுந்து வரும் சம்பந்தி வீட்டார் மாதிரி, சாவகாசமாக வந்து உட்காரும். பொறுமையில்லாமல் நடுவில் மவுஸைத் தட்டினால் தீர்ந்தது. முறைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் இட்லியும் வெந்துவிடும்.

2006-ஆம் வருஷம் அது. நான் ஐந்தாவது படித்தேன். அதற்கு மூன்று வருஷம் முன்பு, கடலூரில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடியபோது அப்பா அந்தப் பெட்டியை வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினார். "பாப்பா படிக்கட்டும்னு வாங்கினேன்" என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னார். நானும் நம்பினேன். ஆனால் பாப்பா அதில் படித்ததை யாரும் பார்க்கவில்லை. வீடு வரைவது, வீட்டுக்குப் பக்கத்தில் தென்னை மரம் வரைவது, பெயின்ட் வாளியைக் கவிழ்த்து வானத்தைச் சிவப்பாக்குவது, இவ்வளவுதான் என் படிப்பு. உண்மையில் அதில் உட்கார்ந்து படித்தவள் அத்தை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. மங்கலம்பேட்டையில் கல்யாணம் செய்து கொடுத்திருந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், ஒரு சூட்கேஸோடும் தையல் மிஷினோடும் வந்து இறங்கினாள். "அத்தை இனிமே இங்கதான் இருப்பா" என்று அப்பா சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு அம்மா என் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அத்தை காதுபடக் கல்யாணம் என்ற வார்த்தையைச் சொல்வதில்லை. பத்திரிகை வந்தால்கூட 'விசேஷம்' என்றுதான் சொல்வார்கள்.

மங்கலம்பேட்டையிலிருந்து சமாதானம் பேச இரண்டு தரம் பெரியவர்கள் வந்தார்கள். காபி குடித்தார்கள், தொண்டையைச் செருமினார்கள், போய்விட்டார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அத்தை பின்கட்டில் ஏற்கனவே துவைத்த துணியை மறுபடி துவைத்துக்கொண்டிருந்தாள். "அவ கம்ப்யூட்டர் படிக்கிறா, படிப்பு முடியட்டும்" என்று அப்பா சொல்லி அனுப்பினார். தீபாவளி கழித்து வருகிறோம் என்று அவர்களும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தப் படிப்பு, சிதம்பரத்திலிருந்து அஞ்சல் வழியில் வந்த ஒரு டிப்ளமோ. பரீட்சையெல்லாம் எழுதியாகிவிட்டது. கடைசியாக ஒரு புராஜெக்ட் மட்டும் பாக்கி. சரஸ்வதி பூஜை விடுமுறை முடிந்த மறுநாள், சிதம்பரத்தில் நேரில் போய்க் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான். டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில், புராஜெக்ட் கொடுத்த ரசீதைக் காட்டினால் ஜனவரியில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த வருஷம் வரை அவர்கள் காத்திருக்கமாட்டார்கள். மங்கலம்பேட்டைக்காரர்களும் காத்திருக்கமாட்டார்கள். இதையெல்லாம் எனக்கு யாரும் விளக்கவில்லை. அத்தை அந்தப் பெட்டி முன்னால் உட்காரும்போது வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வதை வைத்து நானே தெரிந்துகொண்டேன்.

அவளுடைய புராஜெக்ட் ஒரு பள்ளிக்கூட நூலகம். யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார்கள், என்றைக்குத் திருப்பித் தர வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். அதில் முதல் உறுப்பினர் நான். என் பெயரில் ஒன்பது புத்தகங்கள் எடுத்து ஒன்றைக்கூடத் திருப்பித் தராதவளாக என்னைப் பதிவு செய்திருந்தாள். புரோகிராம் நன்றாகத்தான் ஓடியது, ஓடும்போது. சேமிக்கச் சொன்னால் பெட்டிக்குள் கடகடவென்று சத்தம் வரும். பிறகு ஒன்றும் நடக்காது. அத்தை கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். பாதி நாள் அன்றைய வேலை போய்விடும். அவள் திட்டமாட்டாள், அழமாட்டாள். முதல் வரியிலிருந்து மறுபடி அடிக்கத் தொடங்குவாள். அதைப் பார்க்க எனக்குத்தான் அழுகை வரும்.

இந்த நிலையில்தான் மாமா வரவழைக்கப்பட்டார். அம்மாவின் தம்பி. சிதம்பரத்தில், ஆராய்ச்சி மாணவர்களுக்கு டைப் அடித்து பைண்டிங் போட்டுத் தரும் ஒரு கடையில் வேலை. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு ஸ்குரூ டிரைவரும் குத்தியிருக்கும். எங்கள் குடும்பத்தில் எந்தக் கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அவர்தான் வைத்தியர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராகத் திருப்பி வைத்தார். பிறகு திரையில் ஏதோ ஒரு ஜன்னலைத் திறந்தார். நீளமான ஒரு பட்டை வந்தது. அதில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள். சிவப்புதான் அதிகம்.

"பாத்தியாம்மா, பூரா செதறிக் கெடக்குது" என்றார் அத்தையிடம். "கடலூர்லேர்ந்து செதம்பரம் போற பஸ்ஸ நெனச்சிக்க. ஒரே குடும்பம், ஆறு பேரு. ஒருத்தர் டிரைவர் பின்னாடி, ஒருத்தர் கடசி சீட்டு, புள்ள படிக்கட்டுகிட்ட. கண்டக்டர் இந்த ஆறு பேரையும் தேடிப் புடிக்கணும்னா பஸ் பூரா அலையணுமில்ல? அதான் உன் கம்ப்யூட்டரு மூச்சு வாங்குது. இப்ப நாம இன்னா பண்றோம், எல்லாரையும் எழுப்பி அவுங்கவுங்க குடும்பத்தோட ஒண்ணா உக்கார வெக்கிறோம். அவ்ளோதான்."

எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் பஸ் அப்படித்தான் இருக்கும். மாமா பொத்தானை அமுக்கினார். கம்ப்யூட்டர் ஒரு ஆங்கிலக் கட்டத்தைக் காட்டி மறுத்துவிட்டது. நூற்றுக்குப் பதினைந்து பங்காவது காலி இடம் வேண்டுமாம். எங்களிடம் ஏழுதான் இருந்தது.

"ஆமா, பஸ்ஸு நெரம்பி வழியுது. எழுந்து மாறி உக்காரணும்னா நாலு சீட்டு காலியா இருந்தாத்தான் ஆவும்" என்றார் மாமா. யாரையாவது இறக்கிவிட வேண்டும்.

யாரை? அப்பாவின் ஜாதகம் பார்க்கும் மென்பொருள் இருந்தது. "அதுல கம்பெனிக்காரங்க அம்பது பேரு ஜாதகம் கெடக்குது, மச்சான்" என்று அப்பா பதறினார். மாமா போட்டு வைத்த சினிமாப் பாட்டுகள் இருந்தன. அவை அபூர்வமான பாட்டுகள் என்று மாமா சொன்னார். நான் வரைந்த நாற்பத்தோரு வீடுகள் இருந்தன. நாற்பத்தொன்றும் ஒரே வீடுதான் என்று அம்மா சொன்னாள், நான் கையைக் காலை உதைத்தேன். கடைசியில் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்ததில் ஏழு எட்டானது.

"எது பெரிசுன்னு வரிசையாப் போட்டுப் பாத்துடலாம்" என்று மாமா இரண்டு தட்டுத் தட்டினார். எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக, ஒரு ஃபோல்டர் வந்து நின்றது. KALYANAM.

மாமாவின் கை மவுஸிலேயே நின்றது. அதை அங்கே போட்டதே அவர்தான். "சிடியில கீறல் வுழுந்துடும், கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா ஆயுசுக்கும் அழியாது" என்று சொல்லி, அத்தையின் கல்யாண வீடியோவை மூன்று சிடியிலிருந்தும் அவர் ஏற்றி வைத்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அத்தை மங்கலம்பேட்டையிலிருந்து திரும்பி வருவதற்கு ஒரு மாதம் முன்பு நடந்தது அது. பிறகு அந்தச் சிடிகளை அம்மா யாரிடமும் சொல்லாமல் நூலில் கட்டிக் கொய்யா மரத்தில் தொங்கவிட்டுவிட்டாள். அவை காற்றில் சுற்றிப் பளபளத்து அணிலை விரட்டிக்கொண்டிருந்தன. வெயிலும் மழையும் பட்டு அவற்றில் இனி ஒன்றும் மிச்சமில்லை. ஆக, கல்யாணம் என்று உலகத்தில் இருந்தது அந்த ஃபோல்டர் மட்டும்தான்.

அந்த வீடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணம் திருவந்திபுரம் கோயிலில் நடந்தது. முகூர்த்த நாளில் அங்கே எத்தனை ஜோடி நிற்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாப் பெண்களுக்கும் அரக்குப் பட்டு, எல்லா மாப்பிள்ளைகளுக்கும் பட்டு வேட்டி, எல்லா மேளமும் ஒரே நேரத்தில். வீடியோக்காரர் ஒரு நிமிஷம் பேட்டரி மாற்றத் திரும்பியவர், மறுபடி கேமராவைத் தூக்கிக்கொண்டு வேறொரு கூட்டத்துக்குள் புகுந்துவிட்டார். தாலி கட்டுகிற கட்டத்தை மிக நெருக்கமாக, மிக அழகாகப் பிடித்திருந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் யாரென்றுதான் எங்களுக்குத் தெரியாது. முதல் வருஷம் அதைப் போட்டுப் போட்டு வீடே விழுந்து விழுந்து சிரித்தது.

ஆனால் எனக்கு முக்கியம் மூன்றாவது சிடி. சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் போட்டோவுக்கு நிற்கும் இடம். ஆறு வயசு நான், கிளிப்பச்சைப் பாவாடையோடு மேடையில் ஏறி, மாப்பிள்ளையை முழங்கையால் தள்ளிவிட்டு, அத்தையின் மடியில் உட்கார்ந்துகொள்வேன். அவள் கழுத்து மாலையிலிருந்து ஒரு ரோஜாவைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வேன். அத்தை தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரிப்பாள். என்னை வீடியோவில் யாரும் எடுத்தது அந்த ஒரு தரம்தான். அத்தை அப்படிச் சிரித்ததை நான் பார்த்ததும் அதில்தான். வீட்டில் ஆளில்லாத சமயமாகப் பார்த்துச் சத்தத்தை அணைத்துவிட்டு அந்த இடத்தை மட்டும் போட்டுப் பார்ப்பேன்.

"அது கெடக்கட்டும், வேற பாக்கலாம்" என்றார் மாமா. அடுப்பங்கரையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"அத எடுத்தா பதினஞ்சு வந்துடுமா?" என்று அத்தை கேட்டாள்.

"வந்துடும். ஒண்ணு ரெண்டு மேலயே வரும். ஆனா..."

"நவுருங்க" என்று சொல்லி அத்தை மவுஸை வாங்கினாள். மாமா மின்விசிறியைப் பார்த்தார். அப்பா வாசல் பக்கம் போனார். ஒரு தட்டு, அவ்வளவுதான், KALYANAM காணாமல் போனது. "மத்தத நான் பாத்துக்கறேன்" என்று எழுந்து போய் எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். மாமாவும் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார்.

 என்னைக் கேட்காமல் என்னை அழித்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் எப்படி இவ்வளவு கல்நெஞ்சு வருகிறது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அன்று ராத்திரி அத்தை குளிக்கப் போனதும் பெட்டி முன்னால் போய் உட்கார்ந்தேன்.

திரையின் மூலையில் ஒரு குப்பைக்கூடை இருக்கும். அதைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். எப்போது திறந்தாலும் ஒன்றும் இருக்காது. ஏனென்றால் அத்தை தினமும் விளக்கு வைப்பதற்கு முன்னால் வீட்டுக் குப்பையைக் கொட்டுவது போல அதையும் காலி செய்துவிடுவாள். அன்றைக்குத் திறந்தேன். KALYANAM உள்ளே இருந்தது. ஒன்றும் ஆகாமல், முழுசாக.

இரண்டு தட்டில் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். ஆனால் அந்தப் பெயரில் அது அங்கே இருக்க முடியாது. யாரும் தொடாத பெயராக வைக்க வேண்டும். யோசித்து MATHS என்று பெயர் மாற்றினேன். இந்த வீட்டில் கணக்கைத் தேடிப் போகிறவர்கள் யாரும் இல்லை என்பது என் எண்ணம்.

மறுநாள் அத்தை அந்தப் பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். கம்ப்யூட்டர் மறுபடியும் பதினைந்து பங்கு கேட்டது. "இன்னும் எடம் பத்தலன்னுதான் சொல்லுது" என்று அத்தை மாமாவுக்குப் போன் செய்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா இன்னும் நீளமான ஸ்குரூ டிரைவரோடு வந்தார். வைரஸ் என்றார். தூசி என்றார். பக்கத்துச் செம்மங்குப்பம் காற்றில் உள்ள கெமிக்கல் பட்டுக் கம்பி கறுத்துவிட்டது என்றார். அங்கேதான் கெமிக்கல் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அப்பா, "அப்ப என் நொரையீரல் இன்னா கதியில இருக்கும், மச்சான்?" என்று கேட்டார். மாமா பெட்டியின் உள்ளேயிருந்து ஒரு பச்சை அட்டையை உருவி, "ஒரு ரப்பர் குடு பாப்பா" என்று என் புது வாசனை ரப்பரை வாங்கி, அதன் பித்தளைப் பல்லையெல்லாம் தேய்தேய் என்று தேய்த்தார். குற்றவாளியின் ரப்பரை வாங்கியே குற்றத்தைத் தேடினார். ஃபோல்டர்களின் பக்கம் மட்டும் அவர் போகவே இல்லை.

அந்த வாரம் அத்தை புராஜெக்டோடு சேர்த்துக் கொடுக்க அடித்த அறிக்கையில் இருபது பக்கம் போயிற்று. அப்பா கோயிலுக்கு வேண்டிக்கொள்ளலாமா என்றார். அத்தை சாப்பாட்டைத் தட்டில் பரப்பி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். என்னால்தான் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன், கிளிப்பச்சைப் பாவாடை கண்ணுக்கு முன்னால் வரும், வாயை மூடிக்கொள்வேன்.

பூஜை நாள் வந்தது. எங்கள் வீட்டில் காலையிலேயே அரிவாள்மனை, தையல் மிஷின், அப்பாவின் ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாகிவிட்டது. கம்ப்யூட்டருக்குத் திரையின் நெற்றியில் ஒன்று, பெட்டியில் ஒன்று, மவுஸின் முதுகில் ஒன்று. என் புத்தகங்களை அடுக்கி சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தாள் அம்மா. அடுக்கில் மேலே இருந்தது கணக்கு நோட்டு.

 பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் வரை நாம் தொடக்கூடாது, ஏனென்றால் அதுவரை சரஸ்வதி உட்கார்ந்து அதைப் படிக்கிறாள் என்று நானாகவே நம்பி வைத்திருந்தேன். நோட்டைப் படிப்பவள் பக்கத்திலிருக்கும் கம்ப்யூட்டரைப் படிக்கமாட்டாளா? MATHS என்ற பெயருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கமாட்டாளா? அம்மா சூடம் ஏற்றுவதற்குள் அத்தையின் காதில் சொல்லிவிட்டேன்.

"அத்த, கல்யாணத்த நான் குப்பையிலேர்ந்து எடுத்து வெச்சிட்டேன்."

அத்தை திரும்பவே இல்லை. சூடத்தை ஒற்றிக்கொண்டாள். எனக்கு விபூதி பூசிவிட்டாள். பிறகு என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்க் கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். அது விழித்து எழும் வரை என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் நேராக MATHS-ஐத் திறந்து, மூன்றாவதைத் தட்டினாள்.

"நீ வர்ற எடத்தப் போடு" என்றாள்.

போட்டேன். நான் மேடையில் ஏறினேன். மாப்பிள்ளையைத் தள்ளினேன். ரோஜாவைப் பிய்த்தேன். திரையில் அத்தை சிரித்தாள். பக்கத்தில் இருந்த அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். "அந்தப் பூவ முழுங்கிட்டியா, துப்புனியா?" என்று கேட்டாள். முழுங்கிவிட்டேன் என்றேன். "மறுபடி போடு" என்றாள். மூன்று தரம் பார்த்தோம்.

பிறகு அவளே அதை அழித்தாள். குப்பைக்கூடைக்குப் போய், காலி செய் என்ற வரியில் அம்பை வைத்தாள். ஒரு கட்டம் எழுந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நிச்சயமாவான்னு கேக்குது. இன்னா சொல்ற, அழிச்சிடலாமா?"

எனக்கு அழுகை முட்டியது. ஆனால் சரஸ்வதி பத்தடி தூரத்தில் இருந்தாள். "உம், அழிச்சிடலாம்" என்றேன். "அப்ப நீயே அமுக்கு" என்று என் விரலைப் பிடித்து மவுஸின் குங்குமத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அமுக்கினேன். காகிதம் கசங்கும் சத்தம் ஒன்று கேட்டது. காலி இடம் பதினேழு.

அத்தை தாமதிக்காமல் மாமா சொல்லிக்கொடுத்த பொத்தானைத் தட்டினாள். இந்தத் தடவை கட்டம் எதுவும் வரவில்லை. பெட்டிக்குள் சத்தம் ஆரம்பித்தது. அம்மா ஓடிவந்தாள்.

"பொட்டு வெச்ச பொருளு, நாளைக்கி வரைக்கும் சும்மா கெடக்கணும். நிறுத்து அதை!"

"நடுவுல நிறுத்துனா பாதிப் பேரு நின்னுக்கிட்டே போவாங்க, அண்ணி" என்றாள் அத்தை. பஸ் கதை அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. அவள் இன்னும் பயந்துபோனாள். தீர்ப்புக்காக அப்பாவிடம் போனோம். அவர் ஃபேக்டரியில் பூஜை முடித்து, பூசணிக்காய் உடைத்து, ஒரு பை பொரியோடு அப்போதுதான் வந்திருந்தார்.

"எங்க பாய்லர நிறுத்துறோமா இன்னா? அது ஆறிப்போச்சின்னா மறுபடி சூடேத்த ஒரு நாளாவும். ஓடறப்பவே பொட்டு வெச்சி, சூடத்தக் காட்டிட்டு வுட்டுர்றோம். இதுவும் அப்படித்தான், ஓடட்டும் வுடு" என்றார். பாய்லருக்கே அனுமதி உண்டென்றால் அம்மா என்ன செய்வாள்? திரும்பி வந்து ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்கு இன்னொரு தரம் சூடம் காட்டினாள்.

அன்று மத்தியானம் முழுவதும் எங்கள் வீட்டில் யாரும் டிவி போடவில்லை. பொரியும் பொட்டுக்கடலையும் வெல்லமும் ஒரு முறத்தில் கொட்டி வைத்துக்கொண்டு நான்கு பேரும் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். சிவப்புக் கோடு ஒன்று மறையும், நீலம் கொஞ்சம் அகலமாகும். "அதோ, அந்தக் குடும்பம் ஒண்ணா உக்காந்துடுச்சி" என்று நான் கத்துவேன். "இந்தப் பக்கம் ஒருத்தர் நிக்கிறாரு பாரு" என்பார் அப்பா. ஒரு சிவப்பு மட்டும் ரொம்ப நேரம் அசையாமல் இருந்தது. அது கண்டக்டராக இருக்கும் என்றாள் அம்மா. அத்தை தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்தாள். வாயிலிருந்த பொரி மேலெல்லாம் கொட்டியது. அதே சிரிப்புதான். வீடியோவில் மட்டும்தான் இருக்கிறது என்று நான் நினைத்திருந்த சிரிப்பு.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை முடிந்து கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு அம்மா தேங்காய் துருவப் போனாள். அரை மூடி முடிவதற்குள் புல்வெளி வந்து, படங்களும் வந்து உட்கார்ந்துவிட்டன. அம்மா துருவலைக் கையில் வைத்துக்கொண்டே ஓடிவந்து நம்பாமல் நின்றாள். அத்தை அன்று முழுக்க அடித்தாள். ஒரு தரம்கூட அது நிற்கவில்லை. சாயங்காலம் மாமா போன் செய்து, "நான் ரப்பர் போட்டுத் தேய்ச்சதுதான் வேல செஞ்சிருக்குது" என்றார். அத்தை மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

அதற்கு மறுநாள் நானும் அத்தையும் சிதம்பரம் போய்ப் புராஜெக்டைக் கொடுத்துவிட்டு வந்தோம். பஸ்ஸில் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்தது. ரசீதை அவள் கடலூர் வரும்வரை கையிலேயே வைத்திருந்தாள். தீபாவளி கழித்து மங்கலம்பேட்டைக்காரர்கள் வந்தபோது அத்தை பின்கட்டுக்குப் போகவில்லை. அவளே காபியைக் கொண்டுவந்து வைத்து, "ஜனவரியிலேர்ந்து ஸ்கூலுக்குப் போறேன். நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றாள். ஜனவரியிலிருந்து போனாள். இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பிரிவுக்கே அவள்தான் பொறுப்பு.

ரொம்ப வருஷம், அத்தையின் வாழ்க்கையை இரண்டு வாரம் தடுத்து வைத்தவள் நான்தான் என்று எனக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்தது. கல்லூரிக்குப் போய்ச் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு, ஒரு நாள் என்னுடைய குப்பைக்கூடையைக் காலி செய்யும்போதுதான் கை நின்றது. தினமும் விளக்கு வைப்பதற்கு முன்னால் அதைக் கொட்டுகிறவள் அன்றைக்கு மட்டும் ஏன் கொட்டவில்லை? அழித்தது குப்பைக்கூடையில் கிடக்கும்வரை இடம் காலியாகாது என்பது, அந்த டிப்ளமோ படித்தவளுக்கா தெரியாது? அது மட்டுமல்ல. பூஜை அன்று, எடுத்து வைத்துவிட்டேன் என்றுதான் அவளிடம் சொன்னேன். எங்கே வைத்தேன் என்றோ, என்ன பெயர் மாற்றினேன் என்றோ நான் சொல்லவே இல்லை. அவள் நேராக MATHS-ஐத் திறந்தாள்.

அத்தனை நாளும் அது அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும். இருபது பக்கம் போன அன்றைக்கும் தெரியும். நிச்சயமாவா என்று அந்தக் கட்டம் கேட்டபோது, பதில் சொல்ல அவளுக்கு இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. நான் பத்து வயசுப் பெண். எனக்கு ஆங்கிலம் புரியாது என்பதால் அத்தை தமிழில் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.